பொருட்காட்சியும் ஒரு பழைய படமும்

கண்டி மாநகரிலே ஐப்பசி மாதத்து மாலை மழை எத்தகையது என்பதை நேயர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. உடவத்தகெலேக் காட்டுக்கு மேலே கருமுகில் திரண்டதென்றால், ஏரிக்கரையில் உலாவுவோர் குடையை விரிக்கு முன்னரே மழை வந்துவிடும். அத்தகைய மாலையொன்றில், நாம் கற்பிக்கும் கல்லூரியின் வகுப்பறை ஒன்றிலே, இருபது முப்பது பழைய புகைப்படங்களை மேசைமீது பரப்பி வைத்துக்கொண்டு மாணவரோடு அமர்ந்திருந்தோம்.

விடயம் இதுதான். கல்லூரியின் வரலாற்று மன்றம் சிறு கண்காட்சி ஒன்றை நடத்த விரும்பியது. "அவரவர் வீட்டிலுள்ள பழைய படங்களைக் கொண்டு வாருங்கள், படத்தில் இருப்போர் யார், எடுத்த ஆண்டு யாது, எடுத்த இடம் எது என்று வீட்டுப் பெரியோரிடம் கேட்டு எழுதி வாருங்கள்" என்று நாம் சொல்லியிருந்தோம். படங்கள் வந்தன. திருமணப் படங்கள், கோயில் திருவிழாப் படங்கள், கடை திறப்புவிழாப் படங்கள் எனப் பலவகை. ஆனால், எழுதி வந்த தாள்களிலே பெரும்பாலும் ஒரே விடைதான்: "தெரியாது." பாட்டனார் யார் என்று தெரியும்; அவர் பக்கத்தில் நிற்பவர் யார் என்று தெரியாது. ஆண்டு தெரியாது, ஊரும் தெரியாது.

அவற்றின் நடுவே, சட்டமிட்டுக் கண்ணாடி பொருத்திய படமொன்றை ஒரு மாணவன் கொண்டுவந்திருந்தான். ஹந்தானை மலைச்சாரலிலுள்ள தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்த குடும்பம் அவனுடையது. படத்திலே தந்தை, தாய், பாவாடை உடுத்த பெண்ணொருத்தி, பத்து வயதுப் பையன், தாயின் மடியில் ஒரு கைக்குழந்தை ஆக ஐவர் இருந்தனர். "இந்தப் பையன்தான் சேர் எங்கள் தாத்தா. கொழும்பிலே உலகக் கண்காட்சி பார்க்கப் போனபோது எடுத்த படமாம்" என்றான்.

மற்ற மாணவர் நகைத்தனர். "கொழும்பிலே உலகக் கண்காட்சி எப்போது நடந்தது?" என்று ஒருவன் கேட்டான். "உலகக் கண்காட்சி என்றால் என்ன சேர்?" என்று இன்னொருவன் வினவினான். அவ்வினா நம்மை வெகுதூரம் அழைத்துச் சென்றது. அன்று மாணவர்க்குச் சொன்னவற்றையும், பின்னர் நாம் கண்டவற்றையுமே ஈண்டு எழுதுகிறோம்.

ஏரிக்கரையில் ஒரு வெண்ணகரம்

பல நாடுகள் ஒரே இடத்திற்கூடித் தத்தம் விளைபொருளையும், கைவினையையும், இயந்திரங்களையும் காட்சிக்கு வைக்கும் பெருங் கண்காட்சிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலே எழுந்தவை. 1851 இல் இலண்டன் மாநகரின் ஹைட் பூங்காவில், இரும்பாலும் கண்ணாடியாலும் கட்டிய மாளிகையொன்றில் முதற் பெருங் கண்காட்சி நடைபெற்றது. ஐந்தரை மாதத்தில் ஏறத்தாழ அறுபது லட்சம் பேர் அதனைப் பார்த்தனர். இலங்கைப் பொருள்களும் அங்கே இடம்பெற்றிருந்தன.

ஆயினும், பொருட்காட்சி என்றதும் இன்றும் உலகத்தார் நினைவிலே முன்னிற்பது 1893 ஆம் ஆண்டின் சிக்காகோக் காட்சிதான். கொலம்பஸ் அமெரிக்கக் கரையை அடைந்து நானூறு ஆண்டு நிறைந்ததைக் கொண்டாட எழுந்தது அது. 1892 இல் நடந்திருக்க வேண்டியது. வேலை முடியாமையால் ஓராண்டு தாமதித்தது. மே மாதம் 1 ஆந் திகதி ஜனாதிபதி குரோவர் கிளீவ்லன்ட் அதனைத் திறந்து வைத்தார். மிச்சிகன் ஏரிக்கரையிலே, ஜாக்சன் பூங்காவிலே, வெண்ணிறச் சாந்து பூசிய மாளிகைகள் எழுந்தன. இரவிலே அவை மின்விளக்கொளியில் மிளிர்ந்தன. வீட்டில் மின்விளக்கை ஒருபோதும் கண்டிராத மக்கள், விளக்கைப் பார்ப்பதற்கென்றே வந்து நின்றனர். அதற்கு 'வெண்ணகரம்' என்ற பெயர் நிலைத்துவிட்டது.

ராட்டினம் என்றால் நம் மாணவர்க்கு உற்சாகம் பிறந்துவிடும். இன்று ஊர்தோறும் களியாட்ட விழாக்களில் சுழலும் பெரிய ராட்டினத்துக்கு மூலம் சிக்காகோவிலே ஜோர்ஜ் பெரிஸ் என்னும் பொறியியலாளர் அமைத்த சக்கரமே. அதன் உயரம் 264 அடி. அதில் 36 கூண்டுகள். கூண்டொன்றுக்கு அறுபது பேர் ஏறலாம். கணக்கிட்டால், ஒரே வேளையில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் வானத்தில் மிதந்தனர் என்றாகிறது.

அக்டோபர் இறுதிவரை நீடித்த அக்காட்சிக்குள் இரண்டே முக்காற் கோடித் தடவை மக்கள் நுழைந்தனர் என்பது கணக்கு. நுழைவுக் கட்டணம் ஐம்பது சதம். முடிந்த மறு ஆண்டே தீ வந்து மாளிகைகள் பலவற்றை விழுங்கியது. இன்று அந்நகரம் இல்லை. ஆயினும் அது மறையவில்லை, காரணம் புகைப்படம். உத்தியோகப் படப்பிடிப்பாளரான ஆர்னல்ட் என்பவரும் வேறு பலரும் எடுத்த படங்கள் பெருந் தொகுதிகளாக அச்சேறி வீடுகள்தோறும் சென்றன. சிக்காகோவை மிதியாதவர்களும், கூடத்து விளக்கடியில் அமர்ந்து, தாளைத் தாளாகப் புரட்டி அக்காட்சியைக் கண்டனர். அத்தொகுதிகளை அமெரிக்க நூலகங்கள் இன்று கணினி வழியே எவரும் காணுமாறு வைத்துள்ளன. கல்லூரிக் கணினியிலே நாமும் மாணவரும் அவற்றைத் திறந்தோம்.

சிக்காகோவில் கண்டிச் சீமை

பக்கங்களைப் புரட்டி வந்த மாணவி ஒருத்தி, "சேர், இது கண்டிக் கட்டடம் போல இருக்கிறதே!" என்று வியந்து கூவினாள். அவள் சொன்னது உண்மை. 'இலங்கை மன்று' என்ற பெயருடன் ஏரிக்கரை ஓரத்தில் நின்ற கட்டடம் அது. செதுக்கு வேலை நிறைந்த மரத் தூண்கள். அடுக்காகச் சரிந்திறங்கும் கூரை. நாம் அன்றாடம் ஏரிக்கரையில் காண்கின்ற அதே சாயல். இலங்கைக் காட்டு மரங்களைக் கொண்டு அதனை அமைத்தனர். இலங்கையின் சார்பில் ஆணையாளராகச் சென்றவர் கிரின்லிண்டன் என்பவர். காட்சி முடிந்ததும் அக்கட்டடம் பிரித்தெடுக்கப்பட்டு, விஸ்கொன்சின் மாநிலத்து ஜெனீவா ஏரிக்கரையிலே செல்வர் ஒருவரின் கோடை இல்லமாக மீண்டும் எழுந்தது. பிற்காலத்தில் அதுவும் இடிக்கப்பட்டு விட்டது. நம் நாட்டுத் தச்சரின் உளியொலி அமெரிக்க ஏரிக்கரையொன்றில் அரை நூற்றாண்டுக்கு மேல் நிலைத்திருந்தது என்பது மாணவர்க்குப் புதுச்செய்தியாய் இருந்தது.

அழகைக் காட்டுவது மட்டுமன்று இலங்கையாரின் நோக்கம். தேயிலையை விற்பதுமே நோக்கம். அந்நாளில் அமெரிக்கர் பெரும்பாலும் சீனத்துத் தேயிலையையும் ஜப்பானியத் தேயிலையையும் அருந்தினர். அவர்களை இலங்கைத் தேயிலைக்குத் திருப்பவேண்டி, இலங்கைத் தேநீர்ச் சாலைகளைத் திறந்து பரிமாறினர். அக்காட்சியில் பத்து லட்சம் தேயிலைப் பொட்டலங்கள் விற்பனையாயின என்று தேயிலை வரலாற்றை எழுதுவோர் குறிப்பர்.

இத்தனை விரைவில் இஃது எவ்வாறு நிகழ்ந்தது? கண்டிக்குத் தென்கிழக்கே ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள லூல்கந்துரைத் தோட்டத்திலே ஜேம்ஸ் டெயிலர் என்ற ஸ்கொத்லாந்துக்காரர் 1867 இல் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை நட்டார். இரண்டு ஆண்டு கழித்துக் கோப்பிச் செடியை இலைநோய் பற்றியது. கோப்பித் தோட்டங்கள் ஒவ்வொன்றாய் அழிய, அவ்விடத்தைத் தேயிலை பிடித்தது. 1873 இல் இலண்டனுக்குச் சென்ற முதற் சரக்கு வெறும் 23 இறாத்தல். அதிலிருந்து இருபது ஆண்டில் சிக்காகோ! டெயிலர் அவ்வெற்றியைக் கண்டாரல்லர். 1892 மே மாதம் 2 ஆந் திகதி அவர் இறந்தார். லூல்கந்துரையிலிருந்து கண்டி மகியாவை மயானம் வரை தோட்டத் தொழிலாளர் இருபத்து நால்வர், பன்னிருவர் பன்னிருவராய்த் தோள்மாற்றி, அவரது உடலைச் சுமந்து வந்தனர் என்று சொல்வர். டெயிலர் பெயர் கல்லறையில் உண்டு, நூல்களில் உண்டு. தோள் கொடுத்த இருபத்து நால்வரின் பெயர்?

இந்த வினாவை நாம் கேட்கவில்லை. கடைசி வாங்கிலிருந்த மாணவன் கேட்டான். வகுப்பு சற்று நேரம் மௌனமாயிற்று.

சிக்காகோப் படங்களையும், அக்காலத்து விளம்பரப் படங்களையும் புரட்டிப் பார்த்தால் கொழுந்து பறிக்கும் பெண்களை நிறையக் காணலாம். தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து மன்னார்க் கரை இறங்கி, காட்டு வழியே கால்நடையாய் மாத்தளைக்கும் கண்டிக்கும் வந்தவர்களின் மக்கள் அவர்கள். வழியிலே நோயாலும் பசியாலும் மாண்டோர் பலர். பொட்டலங்களுக்குள் இருந்தது அவர்கள் விரல் தொட்ட கொழுந்து. படத்தின் அடியிலோ 'கொழுந்து பறிப்போர்' என்ற இரண்டு சொற்களே இருக்கும்.

கண்டி வழியே வந்த துறவி

சிக்காகோ என்றதும் நம் வீடுகளில் நினைவுக்கு வருவது தேயிலையன்று. சுவாமி விவேகானந்தரின் திருநாமமே. அவர் உரையாற்றிய சர்வசமய மகாசபை அதே கண்காட்சியையொட்டி, நகரின் நடுவிலே, மிச்சிகன் வீதியில் இன்று கலைக்கூடமாய் விளங்கும் கட்டடத்தில் 1893 செப்டெம்பர் 11 ஆந் திகதி தொடங்கியது. இலங்கையிலிருந்து அநகாரிக தர்மபாலரும் சென்றிருந்தார். பொருள்களைக் காட்ட எழுந்த காட்சி, கருத்துகளுக்கும் ஒரு மேடை தந்தது எனலாம்.

மேல்நாட்டிலிருந்து மீண்ட சுவாமிகள் 1897 ஜனவரி 15 ஆந் திகதி கொழும்புத் துறைமுகத்தில் இறங்கினார். சில நாள் அங்கே தங்கியபின் புகையிரதத்தில் கண்டிக்கு வந்தார். கண்டி வாழ் இந்துக்கள் வரவேற்புப் பத்திரம் வாசித்தளித்தனர். சுவாமிகள் சுருக்கமாக விடையிறுத்தார். பின்னர் மாத்தளை சென்று, அங்கிருந்து வண்டியிலே அநுராதபுரம் வழியாய் யாழ்ப்பாணத்துக்குப் புறப்பட்டார். தம்புள்ளையைத் தாண்டியதும் மலையிறக்கத்தில் வண்டிச் சக்கரம் நொறுங்கியது. சில மணிநேரம் வழியிலே காத்திருந்து, மாட்டு வண்டிகளில் பயணத்தைத் தொடர வேண்டியதாயிற்று. சிக்காகோவில் ஆயிரக்கணக்கானோரின் கரகோஷத்தைக் கேட்டவர், நம் மாத்தளைப் பாதையிலே முறிந்த சக்கரத்தருகே அமர்ந்திருந்த காட்சியை மாணவர் மிகவும் விரும்பிக் கேட்டனர்.

அதன்பின் கண்டி மாநகரே கடல் கடந்தது. 1924 ஏப்ரில் 23 ஆந் திகதி இலண்டனை அடுத்த வெம்பிளியில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் திறந்து வைத்த பேரரசுக் கண்காட்சியிலே, இலங்கை மண்டபம் நமது தலதா மாளிகையை முன்மாதிரியாகக் கொண்டு எழுந்தது. இரண்டு ஆண்டும் சேர்ந்து இரண்டே முக்காற் கோடிப் பேர் வந்து சென்ற காட்சி அது. மழைக்கோட்டு அணிந்த ஆங்கிலேயர் கண்டிக் கட்டடத்தின் வாயிலில் நிற்கும் படங்களை இன்றும் பழைய தபாலட்டைகளிற் காணலாம். மாளிகை போயிற்று, தேயிலை போயிற்று, மலைநாட்டுத் தொழிலாளி மட்டும் தன் தோட்டத்து எல்லையைக் கடந்திலன்.

கொழும்புக்கு வந்த உலகம்

இனி அந்த மாணவனின் படத்துக்கு வருவோம். அவனுடைய பாட்டனார் சொன்னது பொய்யன்று. 1952 பெப்ரவரியிலே கொழும்பில் ஒரு பெருங் கண்காட்சி நடைபெற்றது. 1950 ஜனவரியில் பொதுநலவாய நாடுகளின் வெளிநாட்டமைச்சர் கொழும்பிற் கூடியபோது கருக்கொண்ட கொழும்புத் திட்டத்தையொட்டி எழுந்தது அது. பல நாடுகள் பங்குகொண்டன. அதன் ஞாபகார்த்தமாக வெளியான தபால் முத்திரைகளை முத்திரை சேர்ப்போர் இன்றும் வைத்திருக்கக் காணலாம். சிக்காகோ போன்ற உலகக் காட்சி என்று அதனை வரலாற்றாசிரியர் சொல்லார். ஆனால் லயத்தில் பிறந்து தோட்டத்தைத் தாண்டாத ஒரு பையனுக்கு அதுவே உலகம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாம் மாணவனோடு அவன் வீட்டுக்குச் சென்றோம். எண்பதைக் கடந்த பாட்டனார் திண்ணையில் அமர்ந்திருந்தார். படத்தைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"கணக்கப்பிள்ளை ஐயா அப்பாகிட்டே சொன்னாருங்க, 'உலகமே கொழும்புக்கு வந்திருக்கு, போய்ப் பாரு'ன்னு. விடியாத நேரத்திலே நடந்து பேராதனைக்கு வந்து புகையிரதம் ஏறினோம். கடுகண்ணாவை இறக்கத்திலே பள்ளத்தைப் பார்த்து நான் அழுதேன். கொழும்பிலே எங்கே பார்த்தாலும் வெளக்கு. பெரிய ராட்டினத்திலே ஏறினோம். அப்புறம் ஒரு கடையிலே படம் எடுத்தோம்."

படத்தைப் பிரதி எடுக்க வேண்டிச் சட்டத்தைக் கழற்ற அனுமதி கேட்டோம். ஆணி துருவேறியிருந்தது. மாணவனே மெல்லக் கழற்றினான். கண்ணாடியை எடுத்து, படத்தைச் சுற்றியிருந்த தடித்த அட்டையை நீக்கியதும், "ஐயோ, இங்கே இன்னொருவர் இருக்கிறாரே!" என்றான்.

வலப்புற ஓரத்திலே, அட்டை மறைத்திருந்த விரற்கடை அகலத்துக்குள், ஒரு பெண் நின்றிருந்தாள். சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்து, ஒரு கையால் கைக்குழந்தையின் காலைத் தொட்டபடி நின்றாள். எழுபது ஆண்டாக அப்படம் அவ்வீட்டுச் சுவரிலே தொங்கியிருக்கிறது. ஐந்து பேர் என்றே மூன்று தலைமுறை அதைப் பார்த்திருக்கிறது.

பாட்டனார் வெகுநேரம் உற்று நோக்கினார். "ஆமா… ஒருத்தி வந்தா. எங்க அம்மாகூடக் கொழுந்து எடுத்தவ. பேரு… பேரு வர மாட்டேங்குதே" என்று நெற்றியைத் தேய்த்தார். சற்றுப் பொறுத்து, "அக்காவைக் கேட்டாத் தெரியும்" என்றார்.

இரண்டாய்ப் பிரிந்த ஞாபகம்

படத்திலே பாவாடை உடுத்து நிற்கும் பெண்தான் அந்த அக்காள். அவர் இன்று நீலகிரியிலே கோத்தகிரிப் பக்கத்தில் வாழ்கிறார். ஏன் அங்கே என்று நேயர்கள் கேட்க மாட்டார்கள். நம்மிற் பலருக்கு அக்காளோ, சித்தப்பாவோ, பள்ளித் தோழனோ அங்கே இருக்கின்றனர்.

ஆயினும் மாணவர் பொருட்டுச் சிறிது சொல்வோம். 1948 இன் பிரசாவுரிமைச் சட்டத்தாலும், மறு ஆண்டில் வந்த இந்திய பாகிஸ்தானியர் வதிவிடச் சட்டத்தாலும் மலைநாட்டுத் தமிழருட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். கொழும்பிலே அக்கண்காட்சி விளக்கொளியில் திகழ்ந்த அதே 1952 இல், மே மாதத்திலே பொதுத் தேர்தல் நடந்தபோது, அவர்கட்கு வாக்கில்லை. 1964 அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தனர். 9,75,000 மக்களுள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை உரிமை வழங்குவதென்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் தீர்மானிப்பதென்றும் முடிவாயிற்று. பத்தாண்டு கழித்து அவர்களையும் இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. பலர் தலைமன்னாரிலே கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கினர். எஞ்சியோரின் உரிமைப் பிரச்சினை 2003 இன் சட்டத்தால்தான் தீர்ந்தது. எண்ணிக்கையை வகுப்பது எளிது. அதே கோடு ஒரு குடும்பத்தின் நடுவே விழுந்ததைத்தான் இப்படம் நமக்குக் காட்டிற்று. கணவரோடு அக்காள் 1972 இல் கப்பலேறினார். "கையிலே கொண்டுபோற பெட்டியிலே படத்துக்கு இடமில்லே, நீயே வச்சுக்கோடா" என்று தம்பியிடம் விட்டுச் சென்றாராம்.

மாணவன் கைத்தொலைபேசியிலே அழைத்தான். திரையில் வெண்தலை மூதாட்டி ஒருவர் தோன்றினார். படத்தை முதலில் அவருக்கு அனுப்பிவிட்டே பேசினோம். பாட்டனார் தம் நினைவை ஒப்புவித்தார். ராட்டினம் என்றதும் அம்மையார் இடைமறித்தார்.

"ராட்டினமாடா தம்பி? அப்பாகிட்டே காசு ஏது? நீ ஏறினது கண்டிப் பெரகராவுக்குப் போட்ட ராட்டினம். அதையும் இதையும் ஒண்ணாக் கட்டி வச்சிருக்கே."

பாட்டனார் நாணிச் சிரித்தார். ஆனால் வேறொன்றிலே இருவர் நினைவும் ஒன்றாயிருந்தது. தேயிலைக் கூடமொன்றின் சுவரிலே கொழுந்து பறிக்கும் பெண்ணின் பெரிய வண்ணப்படம் மாட்டியிருந்ததாம். நகை பூண்டு, புன்னகை செய்து நின்றாளாம். அவர்களுடைய தாய் அதனருகே சென்று பார்த்துவிட்டு, "இவ கொழுந்து எடுக்கிறவ இல்லே, வெரலைப் பாரு, கறையே இல்லே" என்று சொன்னாராம். அக்காளும் தம்பியும் கடலின் இருகரையிலிருந்தும் அச்சொற்களை ஒரே வேளையில் சொன்னார்கள்.

"சரி அக்கா, ஓரத்திலே நிக்கிறது யாரு?"

அம்மையார் உடனே பெயரைச் சொன்னார். ஒரு கணமும் தயங்கவில்லை. பின்னர் சொன்னார்: "அவ இல்லேன்னா நாம கொழும்பே பார்த்திருக்க மாட்டோம்டா. ரெண்டு நாள் பேரும் போகும், ரயில் காசும் இல்லேன்னு அப்பா வேணாம்னுட்டாரு. அவதான் சீட்டுக் காசை எடுத்துக் குடுத்து, 'என்னையும் கூட்டிக்கிட்டுப் போங்க, புள்ளையை நான் தூக்கிக்கிறேன்'னா. போற வழி பூரா தம்பிப் பாப்பாவைச் சுமந்தது அவதான். படம் எடுத்த காசும் அவளோடதுதான். படக்காரரு, 'குடும்பத்தாளுங்க மட்டும் நில்லுங்க'ன்னாரு. அம்மா விடல்லே. 'அவளும் நிக்கட்டும்'னா. அதான் ஓரத்திலே."

அவள் என்னவானாள் என்று கேட்டோம். "எங்களுக்கு முந்தியே கப்பல் ஏறிட்டா. எந்த ஊருன்னு தெரியாதுங்க" என்ற விடை வந்தது. அப்பால் நெடுநேரம் ஒருவரும் பேசவில்லை. பாட்டனார் மட்டும் அப்பெயரை இரண்டு முறை தமக்குள்ளே சொல்லிப் பார்த்தார்.

எழுத வேண்டிய இடம்

சட்டம் போட்டவர் தீயவரல்லர். அட்டையின் அளவுக்குப் படத்தைப் பொருத்தினார், அவ்வளவே. மறைத்தது பகையன்று; அளவு. வரலாறும் பலவேளை அவ்வாறே செய்கிறது. சிக்காகோவிலும் வெம்பிளியிலும் படத்தின் நடுவிலே மாளிகைகள் நின்றன. செலவுக்குக் காசு கொடுத்தவள் ஓரத்தில் நின்றாள். உலகக் கண்காட்சிகளின் படங்களில் மறைந்துபோன பெயர்களை மீட்பது நம்மால் இயலாது. காலம் கடந்துவிட்டது. ஆனால் நம் வீட்டுச் சுவரிலே தொங்கும் படத்தில் உள்ளோரின் பெயரைச் சொல்ல இன்றும் ஒருவர் இருக்கிறார். அவர் எண்பது வயதினராய் இருக்கிறார். அதுவே நம் அவசரம்.

ஆதலால், நேயர்கட்கும் மாணவர்கட்கும் சில சொல்ல விரும்புகிறோம். விடுமுறையில் ஒரு நாள் வீட்டுப் படங்களை இறக்குங்கள். சட்டத்தைக் கழற்றிப் பாருங்கள். ஓரத்தையும் பின்புறத்தையும் பாருங்கள். பெரியோரைத் தனித்தனியே கேளாது, இருவர் மூவரைக் கூட்டிவைத்துக் கேளுங்கள். ஒருவர் மறந்ததை மற்றவர் சொல்வர், ஒருவர் கலந்ததை மற்றவர் பிரிப்பர். கடல் கடந்த உறவினருக்கும் படத்தை அனுப்பிக் கேளுங்கள். கேட்ட பெயர், ஆண்டு, ஊர் மூன்றையும் படத்தின் பின்புறத்து ஓரத்திலே மெல்லிய பென்சிலால் அழுத்தாது எழுதுங்கள். பேனா வேண்டாம், மை ஊறி முகத்தில் வந்து நிற்கும். மலைநாட்டு ஈரம் படத்துக்குப் பகை. கண்ணாடியோடு படம் ஒட்டினால் பிரித்தெடுத்தல் அரிது. ஆகவே இடையில் அட்டை இருக்கட்டும். ஆனால் ஒருவரையும் மறைக்காத அளவில் அது இருக்கட்டும். முன்புறம் பின்புறம் இரண்டையும் பிரதி எடுத்து, மூலப் படத்தை வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வையுங்கள்.

எங்கள் கல்லூரிக் கண்காட்சி நடந்தேறியது. இலங்கை மன்றின் படமும், வெம்பிளி மண்டபத்தின் படமும் பெரிதாக இடம்பெற்றன. அவற்றினருகே அந்தக் குடும்பப் படம் புதுச்சட்டத்துடன் தொங்கியது. ஆறு பேரும் அதில் முழுமையாய்த் தெரிந்தனர். பாட்டனார் கைத்தடி ஊன்றி வந்து அதன்முன் நின்றார். பேரன் அதைக் கைத்தொலைபேசியிலே கோத்தகிரிக்குக் காட்டினான்.

அப்பெண்ணின் பெயரை நாம் ஈண்டு எழுதவில்லை. எழுத வேண்டிய இடத்திலே, படத்தின் பின்புறத்தில், மெல்லிய பென்சிலால் பாட்டனாரே தம் கைப்பட எழுதிவிட்டார்.